முப்பத்தைந்து

ஈவான் படகை இழுத்துவந்து
பள்ளிக்கூடப் பட்டறை வாசலில் கவிழ்த்தான்.
பேச்சில்லை.
அடித்தகட்டில் ஒரு முழ விரிசல்.
குஸ்கோக்விம் ஆற்றில் மிதந்துவந்த மரம்.
நாளை ஆறு முதல் ஆறு வரை வலை போடலாம் என்று
வானொலி சொல்லியிருந்தது.
இதை விட்டால் அடுத்தது எப்போதென்று
ஆற்றுக்கே தெரியாது.

ஆர்கான் சிலிண்டரை விமானத்தில் ஏற்றமாட்டார்கள்.
சரக்குப் படகு ஜூலையில்.
இருப்பது பழைய குச்சி வெல்டிங் மெஷின்,
அலமாரி அடியில் உப்பிப்போன அட்டைப்பெட்டி,
அதில் அலுமினியக் குச்சி ஏழு.

ஒட்டுமா என்றான்.
இரும்பென்றால் சத்தியம் பண்ணுவேன் என்றேன்.

ரொட்டித் தட்டில் அடுக்கி வீட்டு அடுப்பில்
இரண்டு மணி நேரம் வாட்டினேன்.
என் மகள் நாஸ்தாசியா திறந்து பார்த்து
வெண்ணெய் தடவலையா என்றாள்.
குச்சியின் மேல்பூச்சு உப்பு.
காற்றிலிருக்கும் ஈரத்தையெல்லாம்
கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளும்.
அந்த ஈரத்தோடு பற்றவைத்தால்
ரொட்டியின் உட்சதை மாதிரி
உள்ளே ஓட்டை ஓட்டையாய்க் கிடக்கும் தையல்.

இரும்பு சிவக்கும். பிறகு மஞ்சளாகும்.
இளகப்போகிறேன் என்று
முன்கூட்டியே ஆள் அனுப்பும்.
இது அனுப்பாது.
தோல் இரண்டாயிரம் டிகிரியிலும் அசையாமல் நிற்க,
உள்ளே அறுநூற்று அறுபதிலேயே எல்லாம் தண்ணீர்.
வெள்ளியாய் நம்மைப் பார்த்துக்கொண்டே இருந்து
தொப்பென்று விழும்.

முதல் குச்சி ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.
இரண்டாவது பிடித்தது, ஓடியது,
நான் பின்னால் ஓடினேன்.
இருபது எண்ணுவதற்குள் குச்சி காலி.
புகை விலகியதும்
விரிசல் இருந்த இடத்தில்
என் கட்டைவிரல் போகிற ஓட்டை.

ஈவான் குனிந்து அதன் வழியே உள்ளே பார்த்தான்.
நிமிர்ந்த முகத்தில் மாற்றம் ஒன்றுமில்லை.
இவனும் அலுமினியம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.
எழுந்து போய்விட்டான்.

வந்தபோது கையில் ஒரு பலகை.
வேகம் 35.
ஆறு உறைந்து சாலையான மாதங்களில்
யாரோ நட்டது;
பனி உடைந்தபின் நாணலில் கிடந்திருக்கிறது.
நல்ல தடித்த தகடு.
விளிம்பில் மட்டும் பெயின்டைத் தேய்த்தேன்.
எண்ணை விட்டுவிட்டேன்.

சோப்பால் ஒரு கோடு கிழித்து
கோடு பழுப்பாகும்வரை டார்ச்சால் சூடாக்கு,
அதற்குமேல் ஒரு மூச்சுகூட வேண்டாம்.
மூன்று, நான்கு.
நிறுத்தினால் குச்சி நுனியைக்
கண்ணாடிபோல் கசடு மூடிக்கொள்ளும்,
கல்லில் தட்டி உடைத்தால்தான்
மறுபடி வாய் திறக்கும்.
ஐந்து.
இரவு பதினொன்று, கூரைமேல் இன்னும் வெயில்,
முகமூடிக்குள் ஒரு கொசு.
எனக்கோ இரண்டு கையும் வேலையில்.
அது கடித்து முடிக்கும்வரை
ஆறாவது குச்சி நேராகவே போனது.

வெந்நீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினோம்.
விட்டுவைத்த கசடு பின்னாளில்
தகட்டையே தின்னும்.
உள்பக்கம் சாக்கட்டி, வெளிப்பக்கம் மண்ணெண்ணெய்.
காத்திருந்தோம்.
வெள்ளையில் ஓரிடத்தில்
மிளகளவு ஈரம் விரிந்தது.

ஏழாவது குச்சி கையில் இருந்தது.
மிளகை அடைக்கப்போய்
கட்டைவிரலைத் திறந்துவிட்டால்?
பெட்டியில் வைத்து மூடினேன்.
காலி காபி டின் ஒன்றை எடுத்து
அவனிடம் நீட்டினேன்.
வாங்கிக்கொண்டான்.

காலையில் போனது படகு.
அடியில் 35,
மீன்கள் மட்டும் படிக்க.

மாலை கரையில் கேட்டேன்:
தண்ணீர் வந்ததா?
புருவத்தை உயர்த்தினான்.
எங்கள் யூப்பிக் ஆட்களிடம் அதற்கு ஆம் என்று பொருள்.

மீன்?

அதே புருவம்.
கொஞ்சம் அதிகமாகவே ஏறியது,
பிறகுதான் டின்னைத் திருப்பித் தந்தான்,
உள்ளே நனைந்த சினை.